டோஃபு என்று சொல்லி நீ ஊட்டியது

மகனுக்கு,

நீ போனை எடுக்கிறாய் இல்லை. ஒஷாவாவில் சிநேகிதன் வீட்டு பேஸ்மென்ரில் இருக்கிறாய் என்று தெரியும். அங்கே வந்து கதவைத் தட்ட எனக்குக் கார் ஓடத் தெரியாது, தெரிந்தாலும் வர மாட்டேன். ஆகவே தமிழ்க் கடைகளின் வாசலில் சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொல்லி அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்தப் பேப்பரில் போடும்படி இதைக் கொடுத்திருக்கிறேன். நீ வாசிக்காவிட்டாலும் உன் சிநேகிதனின் தாய் வாசிப்பார், வாசித்துவிட்டு படியிறங்கி வந்து உன் முகத்தை ஒரு தரம் பார்ப்பார். உன் பெயரை எழுதவில்லை. நீ கட்டவிருந்த அந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதவில்லை. அவளைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "போடுங்கோ மாமி, என்ர பேரை மட்டும் போடாதேங்கோ" என்றாள். உன் பெயரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பெயர் இல்லாமலே நாங்கள் இருக்கிற மல்வேர்னில் பாதிச் சனத்துக்கு ஆள் யார் என்று விளங்கும், விளங்கட்டும். நீ ஒரு மேசை ஆட்களுக்கு முன்னால் செய்ததை நான் கொஞ்சம் பெரிய மேசையில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

வெளி ஆட்களும் வாசிக்கப் போகிறபடியால் முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் பொறுத்துக்கொண்டு வாசி. இந்தப் பிள்ளையை நீதான் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டாய். படம் பார்த்து, போனில் கதைத்து, பிடித்திருக்கிறது என்று சொல்லி, நீயே கையெழுத்து வைத்துக் கூப்பிட்டாய். நானோ உன் அப்பாவோ உன் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. கலியாணம் கட்டுவதற்கென்று கொடுத்த விசாவில் வந்தவள், வந்து மூன்று மாதத்துக்குள் கலியாணத்தைப் பதிந்து எழுத்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் இந்த நாட்டில் நிற்க அவளுக்கு வழியில்லை. இது உனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அவளை வீட்டில் வைத்திருக்கிற அவளுடைய தமையனுக்கும் தெரியும். பிறந்ததில் இருந்து மச்சம், மீனோ இறைச்சியோ, வாயில் வைக்காத பிள்ளை. ஷெல்லடிக்குப் பயந்து ஊர் ஊராக ஓடின நாட்களில், கருவாட்டைத் தவிர வேறு கறி இல்லாத இடத்திலும் வெறுஞ்சோற்றில் உப்பைப் போட்டுச் சாப்பிட்டவள். அதை அவள் பெருமையாகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னாள்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஒரு கொரியன் சாப்பாட்டுக்கடையின் பின்பக்கத்தில் மீன் வெட்டுகிறவள். இரண்டு பஸ்ஸும் ஒரு ரெயினும் எடுத்துப் போய், மாலையில் அதே மணத்தோடு திரும்பி வருகிறவள். "அம்மா, ஜக்கெற்றை வெளியில கழட்டுங்கோ" என்று நீ மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துவாய், பிறகு நான் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து பார்ப்பாய். எங்கள் ஆட்கள் கூழுக்குத் தலை போடுவார்கள், சினையைப் பொரிப்பார்கள், மிச்சத்தைப் பூனைக்கு எறிவார்கள். அந்தக் கடையில் பூனைக்கு ஒன்றும் மிஞ்சாது. செவுளைப் பல தண்ணீரில் கழுவி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி ஊற வைப்பார்கள். குடலை உருவிச் சுத்தமாக்கி அதற்கும் அதே வைத்தியம்தான். தோல் பொரியும். தலை, மேசையில் யார் மூத்தவரோ அவருக்கு முன்னால் போகும். கண்ணைத் தோண்டி எடுத்துப் பிடித்தமானவரின் கிண்ணத்தில் வைப்பார்கள். குளிர்காலத்தில் கொட் மீன் வரும்போது ஆண் மீனின் வயிற்றில், பெண் மீனுக்குச் சினை இருக்கிற இடத்தில், ஒரு வெள்ளைப் பை இருக்கும். மடிப்பு மடிப்பாக, மெத்தென்று, பார்த்தால் மூளை மாதிரி இருக்கும். விந்துப் பை என்று பேப்பரில் எழுத எனக்குக் கூச்சமில்லை. நீ இதைவிடக் கேவலமான சொல்லில்தான் அவளுக்குச் சொன்னாய். கடைக்காரப் பெண்மணி அதை 'இரி' என்பார். அவர் எனக்கு மூத்தவர். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன், அவருக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் திரும்பிப் பார்ப்பார். இரியைக் கிழியாமல் எடுக்க அவர்தான் எனக்குப் பழக்கினார். காரமான சிவப்புக் குழம்பில் கடைசியாகப் போட்டு இறக்கினால் கட்டிப் பால் மாதிரி வாயில் கரையும். முதல் தரம் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உன் அப்பா எழும்பிப் போய்விட்டார், நீ சட்டியை வழித்துச் சாப்பிட்டாய். எனக்கு இன்றைக்கும் விளங்காதது அதுதான். உனக்குப் பிடித்த சாப்பாட்டைத்தான் நீ ஊத்தையாக்கினாய்.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவளையும் உன் சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்கு வந்தாய். அதில் ஒருவன் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவன், கமெராவோடு வந்திருந்தான். அவள் புதுச் சுவெற்றர் போட்டுக்கொண்டு, கையை மடியில் வைத்தபடி இருந்தாள். நீ எழும்பிப் பின்பக்கம் வந்தாய்.

"அம்மா, எல்லாருக்கும் அந்த மீன் சூப். உவளுக்கும் அதையே குடுங்கோ. டோஃபு எண்டு சொல்லுவம்."

"உனக்கென்ன விசரே? அவள் மச்சம் தொடாதவள்."

"பகிடிக்கு அம்மா. ஒரு நாளைக்குப் பழகத்தானே வேணும்?"

"பழக விருப்பமெண்டால் அவள் கேப்பாள். போய்ப் பேசாமல் இரு."

நீ தோளைக் குலுக்கிக்கொண்டு போனாய். கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அக்காவிடம், இது கோயில் பிள்ளை, மீன் வேண்டாம் என்று சொன்னேன். கோயில் என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. அவருடைய தாயாரும் அவர்களுடைய புத்த கோயில் சாப்பாடு சாப்பிட்டவராம், மீன் இல்லை, உள்ளி இல்லை, வெங்காயம் இல்லை. கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினார். மீன் படாத சட்டி ஒன்றை மேல் தட்டில் இருந்து இறக்கினார். கடற்பாசியும் காளானும் போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்து, முள்ளங்கியும் டோஃபு என்கிற வெள்ளைச் சோயாக் கட்டியும் வெட்டிப் போட்டு, தானே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அவளுக்கு முன்னால் வைத்தார். உன் சட்டிக்குள் அன்றைக்கு வந்த இரியில் நல்லதெல்லாம் போட்டார், என் மகன், கலியாண மாப்பிள்ளை என்பதற்காக. அது உனக்குக் கிடைத்த மரியாதை என்று உனக்குத் தெரியாது.

சமையலறைக்கும் மேசைகளுக்கும் இடையில் சாப்பாட்டை வைக்கிற ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. அதற்குள்ளால் பார்த்தேன். நீ உன் சட்டியில் இருந்து ஒரு வெள்ளைத் துண்டைக் கரண்டியில் எடுத்தாய். "உன்ரயவிட இது நல்ல டோஃபு, சாப்பிட்டுப் பார்" என்றாய். ஊதினாய். சூடு ஆறும்வரை ஊதி, ஒரு கையைக் கீழே ஏந்திக்கொண்டு அவள் வாய்க்குக் கிட்ட நீட்டினாய். நீ ஊதி ஆற்றியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவள் கனடாவுக்கு வந்த பிறகு நீ அவளுக்குச் செய்த முதல் அன்பான காரியமாக அது அவளுக்குத் தெரிந்திருக்கும். கமெராவைப் பார்த்து வெட்கப்பட்டாள், பிறகு வாயைத் திறந்தாள். நான் ஈரக் கையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் விழுங்கிவிட்டாள். "நல்லா இருக்கு, மெதுவா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகுதான் நீ அது என்ன என்று சொன்னாய்.

உன் சிநேகிதர்கள் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சிரிக்காத முகம் என்னுடையது மட்டும்தான்.

"மாமி, உண்மையோ?"

"ஓம் பிள்ளை. உண்மை."

அந்த 'ஓம்' என்ற சொல்லுக்கு இரண்டாம் தரம் சிரித்தார்கள், முதல் தரத்தைவிடப் பலமாக. நான் பொய் சொல்லியிருக்கலாம். டோஃபுதான் பிள்ளை, பெடியள் பகிடி விடுறாங்கள் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. ஒரே மேசையில் அவளுக்கு இரண்டு பேர் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். பிறகு அவளும் சிரித்தாள். இதைத்தான் நீ உன் கட்சிக்குப் பெரிய சாட்சியாக வைத்திருக்கிறாய்: "அவளும் சிரிச்சவள்தானே?" ஓம், சிரித்தாள். எல்லோரும் சிரிக்கிற இடத்தில் தனியாக அழுவதற்குத் துணிவு வேண்டும், அதிலும் தன்னுடைய விசா யார் கையில் இருக்கிறதோ அவனே சிரிக்கும்போது. சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பகிடி விட்டாலும் எங்கள் பெண்பிள்ளைகள் அப்படித்தான் சிரிப்பார்கள். பல்லு மட்டும் தெரியும். நான் அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்கிறேன், நானே சிரித்தும் இருக்கிறேன். நீ சின்ன வயதில் வந்துவிட்டாய், உனக்கு அது வெறும் சிரிப்பு.

அக்கா சத்தம் கேட்டு வெளியே வந்தார். நான் சொல்லாமலே அவருக்குப் பாதி விளங்கியது, மீதியைக் கையால் காட்டினேன். அவர் உன்னை ஏசவில்லை. மேசைக்கு வந்து, எல்லாச் சட்டிகளையும் கிண்ணங்களையும், உன் கையில் இருந்த கரண்டியையும்கூட, எடுத்துத் தட்டத்தில் அடுக்கினார். ஒருவன் இன்னும் சாப்பிட்டு முடியவில்லை என்றான். "ஃபினிஷ்" என்றார். உள்ளே கொண்டுபோய் அந்த நல்ல இரி முழுவதையும் கழிவு வாளியில் கவிழ்த்தார். செவுளைக்கூட எறியாத மனுஷி. அவர் சாப்பாடு கொட்டி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நீ அதோடு விட்டிருந்தால் நானும் ஒருவேளை விட்டிருப்பேன். அடுத்த கிழமை அந்த வீடியோவை வீட்டுக்குக் கொண்டுவந்து ரிவியில் போட்டாய். உன் அப்பா சோஃபாவில் இருந்து வயிறு குலுங்கச் சிரித்தார். அவருக்குக் கடிதம் தேவையில்லை, அவருக்குக் கொடுக்க வேண்டியதை வாயாலேயே கொடுத்து வருகிறேன். "கலியாணத்தண்டு ஹோலில பெரிய ரிவியில போடப் போறம். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்" என்றாய். என்னுடைய 'ஓம்' வந்த இடத்தை இரண்டு தரம் பின்னுக்கு இழுத்துப் போட்டுக் காட்டினாய். அந்த வீடியோக் கசெற்றைக் காணவில்லை என்று அலுமாரி எல்லாம் கிளறினாயே, இனித் தேடாதே. நாடாவை உருவி எடுத்து, மீன் குடலோடு குடலாகக் கடை வாளிக்குள் நான்தான் போட்டேன்.

உனக்கு எட்டு வயதில், தேங்காய்ச் சொட்டு என்று சொல்லி உன் மச்சானுக்குச் சவுக்காரக் கட்டியைத் தின்னக் கொடுத்தாய். அவனுடைய வாயில் நுரை தள்ளியது. நான் சிரித்தேன், அயலட்டைக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அங்கேதான் பழுதாகிப் போனாய் என்று யாரும் சொல்ல வரலாம். அதற்காக நான் தலையில் அடித்துக்கொள்ளப் போவதில்லை. எட்டு வயதில் சவுக்காரம் கொடுத்த பிள்ளைகள் எல்லோரும் இருபத்தெட்டு வயதில் இப்படி ஆவதில்லை. இது நீயாகத் தேடிக்கொண்டது, உன்னுடைய பங்கை என் தலையில் கட்டாதே.

அவளிடம் போய் மன்னிப்புக் கேள் என்று சொன்னேன். கேட்கச் சொன்னது மட்டுமில்லை, கெஞ்சினேன். நீ புட்டைக் குழைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்: "அவள் எங்க போகப் போறாள்? கட்டாட்டித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அவளுக்கும் அது தெரியும்." அந்தச் சொல்லோடு நான் உனக்குத் தாய் இல்லாமல் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி நினைத்தவுடன் கழற்றி வைக்க முடிந்தால் எவ்வளவு சுகம். முடியவில்லை. ஆகவே அடுத்த நாள் அவளுடைய தமையன் வீட்டுக்குப் போனேன்.

அவள் குசினி மேசையில் இருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடுகிறாள் என்று சொல்ல முடியாது. ஒரு துண்டைப் பிய்ப்பாள், இரண்டாகப் பிரித்து உள்ளே பார்ப்பாள், விரலால் அமத்திப் பார்ப்பாள், பிறகுதான் வாயில் வைப்பாள். வெறும் பாண். பேக்கரியில் வாங்கி, பையை அவளே பிரித்த பாண். மற்றவர்கள் சமைத்தது ஒன்றும் வேண்டாம் என்கிறாளாம், தண்ணீரைக்கூட அவளே பைப்பில் பிடிக்கிறாளாம். அவளுடைய அண்ணி எரிச்சலோடு சொன்னாள், "கொழுப்பு, மாமி" என்று. நான் பக்கத்தில் இருந்தேன். பிறகு அவள் கேட்டாள், "மாமி, எனக்கு அதைக் காட்டுவியளோ? நான் என்னத்தைச் சாப்பிட்டனான் எண்டு பாக்கவேணும்."

கூட்டிக்கொண்டு போனேன். மீன் வந்த காலை. அவளுக்கு முன்னால் வயிற்றைக் கீறி, இரியைக் கிழியாமல் எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். மூக்கைப் பொத்தவில்லை. "இது பாவம் மாமி. இதுக்கேன் சிரிச்சவை?" என்றாள். உன்னிடம் பதில் இருந்தால் எழுதி அனுப்பு. அக்கா வத்தாளங்கிழங்கு ஒன்றை அவித்து, தோலை உரித்து அவளுக்குக் கொடுத்தார். அவள் அதையும் பிட்டு உள்ளே பார்த்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்கா கோபிக்கவில்லை. அவள் கையில் இருந்ததில் பாதியை வாங்கித் தான் முதலில் தின்று காட்டினார். பிறகு அவள் சாப்பிட்டாள். ஒருவர் வாயைத் திறக்கிறார் என்றால் உன்னை நம்பித்தான் திறக்கிறார், மகனே. உனக்கு இனி யாராவது ஒருத்தி கிடைப்பாள், உன்னைப் போன்றவர்களுக்கும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவள் உன் கையால் ஒரு வாய் வாங்கினால், அன்றைக்காவது இந்தக் கிழங்கை நினை.

தமையன் அவளுக்கு இரண்டே வழி சொன்னான். கட்டு, இல்லாவிட்டால் திரும்பிப் போ. ஹோலுக்குச் சொல்லியாச்சு, கார்ட் அடிச்சாச்சு, ஒரு பகிடிக்காக எங்களை நாறடிக்காதே என்றான். அவள் சண்டை பிடிக்கவில்லை. "அப்ப நான் போறன் அண்ணா" என்றாள். ஷெல்லுக்கு ஓடி வந்த பிள்ளை, உன்னைக் கட்டுவதைவிட ஷெல் பரவாயில்லை என்கிறாள். எங்கே போகப் போகிறாள் என்று நீ கேட்டாயே, அங்கேதான்.

நான் விடவில்லை. ஒரு லோயரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வயதான வெள்ளைக்காரர். அவர் ஆங்கிலத்தில் கேட்க, நான் தமிழில் அவளிடம் கேட்டு, என் உடைந்த ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். அடித்தானா என்று கேட்டார். இல்லை. குடிப்பானா? இல்லை. வேறு பெண் இருக்கிறாளா? இல்லை. அப்படியென்றால் என்னதான் செய்தான் என்று கேட்டார். அவள் யோசித்து, "என்னைப் பாத்துச் சிரிச்சவர்" என்றாள். நான் அதைச் சொன்னதும் அவருடைய பேனை நின்றுவிட்டது. இது போதாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஊருக்குத் திரும்பிப் போகப் பயமில்லையா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"பயம்தான் மாமி. அங்கையெண்டால் ஆருக்குப் பயப்பிடவேணும் எண்டு தெரியும்."

அதை எப்படிச் சொன்னேனோ தெரியாது, சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னார். நடந்ததை நேரில் கண்ட ஒருவரின் சொல் இருந்தால் எதையாவது எழுதிப் பார்க்கலாம், ஆனால் நீங்கள் சொன்னால் எடுபடாது, தாய் தன் பிள்ளைக்காகத்தானே சொல்வாள் என்றார். நான் இவளின் தாய் இல்லை, அந்தப் பெடியனின் தாய் என்றேன்.

அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்து, முதலில் இருந்து சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கையெழுத்தும் வைத்தேன்.

அம்மா